சாமிக்கே சுருட்டு படைக்கிறோமே, அப்புறம் நான் செஞ்சா என்ன தப்பு?

ஓம் சரவணபவ. வேலும் மயிலும் துணை.



போன கிருத்திகை அன்னைக்கு நம்ம குழுவில் ஒரு அடியார் ஒரு கேள்வி போட்டிருந்தார். "போதைக்கு அடிமையானவனைப் பாவின்னு சொல்றதா, நோயாளின்னு சொல்றதா?" ஆளாளுக்குப் பதில் போட்டோம். நானும் ஒரு வரி போட்டுட்டு அழிச்சுட்டேன். ஒரு வரியில் சொல்ற விஷயமா அது எனக்கு இல்லை. எங்க வீட்டில் நடந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுறேன். பொறுமையாகப் படியுங்க.

நான் இலுப்பூர் பக்கத்துக்காரன். மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இருபது வருஷத்துக்கு மேல் வெத்தலை பாக்கோடு புகையிலை போட்டவன். நரம்பு மண்டலம் பாடத்தை வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டே நடத்தியிருக்கேன். இதை முதலிலேயே சொல்லிடுறேன். இல்லாட்டி மீதியைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

என் தம்பி மகன் சென்னையில் பொறியியல் படிச்சான். ஒரு பொங்கலுக்கு வந்தப்ப ஆளே பாதியாகிக் கிடந்தான். ரெண்டு நாள் எழுப்ப எழுப்பத் தூங்கினான். எழுந்ததும் எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தான். துணி துவைக்க எடுத்தப்ப சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்துச்சு. 'மெத்'துன்னு சொல்ற மெத்தாம்ஃபெட்டமைன். பரீட்சைக்கு ராத்திரி முழுக்க கண்ணு முழிக்கணும்னு அறையில் ஒருத்தன் கொடுத்ததில் ஆரம்பிச்சிருக்கு.

அன்னைக்கு நான் பேசின பேச்சு இருக்கே! "திமிருடா. வயித்துப் பசி தெரிஞ்சு வளர்ந்திருந்தா இது வந்திருக்காது"ன்னு கத்தினேன். அவன் பதில் பேசலை. என் கன்னத்தையே பார்த்தான். கன்னத்தில் புகையிலை அடக்கியிருந்தேன்.

மறு வாரம் அவனை விராலிமலைக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கே சண்முகநாதருக்குச் சுருட்டு நைவேத்தியம் உண்டுங்கிறது நம்ம எல்லாருக்கும் தெரியும். படி இறங்கி வர்றப்ப மெதுவா கேட்டான்: "பெரியப்பா, சாமிக்கே சுருட்டு படைக்கிறோமே. அப்புறம் நான் செஞ்சா மட்டும் என்ன தப்பு?"

அவன் குதர்க்கமா கேட்கலை. நிஜமாத்தான் கேட்டான். என்கிட்ட அப்ப பதில் இல்லை.

*சுருட்டின் கதை*

நம்ம பக்கம் பெரியவங்க சொல்ற கதையை முதலில் பார்ப்போம். கருப்பமுத்துப் பிள்ளைன்னு ஒரு பக்தர். விராலிமலை முருகனைப் பார்க்காமல் இருக்க மாட்டார். ஒரு நாள் வழியில் ஆற்றில் வெள்ளம். குளிரில் நடுங்கிக்கிட்டு, சுருட்டுக்கும் வழியில்லாமல் கரையில் நிற்கிறார். முன்பின் தெரியாத ஒருத்தர் வந்து சுருட்டும் நெருப்பும் கொடுத்து, ஆற்றையும் கடத்தி விட்டார். கோவிலுக்குப் போனால் சந்நிதியில் சுருட்டு இருக்கு. வந்தது யாருன்னு அவருக்குப் புரிஞ்சு போச்சு. அதிலிருந்து சுருட்டு படைக்கிற வழக்கம் வந்ததுன்னு சொல்வாங்க. ஊருக்கு ஊர் கதை கொஞ்சம் மாறும். பின்னால் புதுக்கோட்டை மகாராஜா இதை நிறுத்தச் சொன்னதாகவும், முருகன் அவர் கனவில் வந்து, "இது புகைக்கிறதுக்காக இல்லை, அடுத்தவருக்கு உதவுற குணம் வளர்றதுக்காக"ன்னு சொன்னதாகவும் ஒரு கதை உண்டு.

கதையை விட்டுட்டு வரலாற்றைப் பார்த்தாலும் ஒரு விஷயம் தெரியும். புகையிலை நம்ம மண்ணின் செடியே இல்லை. அமெரிக்காக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் மூலமாக வந்தது. அருணகிரிநாதர் வாழ்ந்த 15ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் எவனும் சுருட்டைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். அதுக்குப் பிறகு வந்த பொருள், இருநூறு முந்நூறு வருஷத்தில் திருச்சிச் சுருட்டாகி உலகமெல்லாம் போச்சு. இங்கிலீஷில் 'செரூட்'டுன்னு சொல்றதே நம்ம 'சுருட்டு'தான். 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே திருச்சிச் சுருட்டின் சாம்பல் துப்புக் கொடுக்கும். இவ்வளவு வேகமாக ஒரு இலை உலகத்தைப் பிடிச்சதுன்னா, அதுக்குள்ளே என்ன இருக்கு?

*கண்மாயும் மடையும்*

மண்டைக்குள்ளே நடக்கிறதை நம்ம ஊர்க் கணக்கில் சொல்றேன். புதுக்கோட்டைச் சீமை கண்மாய்ச் சீமை. ஆகவே எளிதாகப் புரியும்.

நடுமூளையில் ஒரு சின்னக் கூட்டம் செல்கள் டோபமைன்னு ஒரு பொருளைச் செய்து வச்சிருக்கு. அதுதான் கண்மாய்த் தண்ணி. தேவை வந்தால் மடை திறந்து கொஞ்சம் தண்ணி வெளியே வரும். அடுத்த செல்லில் அதை வாங்கிக்கிற ஏற்பிகள் இருக்கு. அது வயலின் வாமடை மாதிரி. வேலை முடிஞ்சதும் மிச்சத் தண்ணியைத் திரும்பக் கண்மாய்க்கே இறைச்சு விடுற ஒரு ஏற்பாடும் இருக்கு. அளவா வரணும், அளவா போகணும். இந்த ஒழுங்கில்தான் நாம காலையில் எந்திரிக்கிறதும், பசிச்சா சோறு தேடுறதும், பிள்ளையைக் கொஞ்சுறதும் நடக்குது.

கொக்கைன் என்ன செய்யும்? திரும்ப இறைக்கிற மோட்டாரை அடைச்சு விடும். தண்ணி வயலிலேயே தேங்கும். மெத் அதைவிட மோசம். மோட்டார் வழியா உள்ளே புகுந்து, மோட்டாரையே தலைகீழாக ஓட விட்டு, சேமிச்சு வச்சதை எல்லாம் வெளியே கொட்ட வைக்கும். நிக்கோட்டின் மடைக்காரனையே தட்டி எழுப்பி, நேரங்கெட்ட நேரத்தில் மடையைத் திறக்கச் சொல்லும். 1988இல் இத்தாலி ஆய்வாளர்கள் எலிகளின் மூளையில் அளந்து பார்த்தாங்க. நிக்கோட்டின் கொடுத்தப்ப டோபமைன் சாதாரண அளவைப்போல் சுமார் இரண்டு மடங்கு ஆச்சு. மெத்தின் உறவுக்காரனான ஆம்ஃபெட்டமைன் கொடுத்தப்ப பத்து மடங்கு வரை போச்சு.

புகையாக இழுத்தால் நிக்கோட்டின் மூளைக்குப் போக இருபது வினாடிகூட ஆகாது. என்னை மாதிரி மெல்லுறவங்களுக்குச் சுண்ணாம்பு அந்த வேலையைச் செய்யுது. சுண்ணாம்புக் காரம் பட்டதும் நிக்கோட்டின் கன்னத்துத் தோல் வழியாகவே ரத்தத்தில் இறங்கிடும். இத்தனை வருஷம் வெத்தலையில் சுண்ணாம்பு தடவின எனக்கு, அது எதுக்குன்னு தெரிஞ்சது ஓய்வு பெற்ற பிறகுதான்.

வெள்ளம் அடிக்கடி வந்தால் விவசாயி என்ன செய்வான்? வரப்பை உசத்துவான், வாமடையை அடைப்பான். மூளையும் அதையேதான் செய்யுது. மெத், கொக்கைன் பழகினவங்க மூளையைப் படம் எடுத்துப் பார்த்தப்ப, டோபமைனை வாங்கிக்கிற ஒரு வகை ஏற்பிகள் குறைஞ்சு போயிருக்குன்னு நோரா வோல்கோவ் என்கிற மருத்துவரின் குழு காட்டியிருக்கு. இப்ப வெள்ளம் நின்னு பழைய அளவுத் தண்ணி வந்தாலும் வயலுக்கு ஏறாது. சோறு ருசிக்காது. அம்மா கையால் காபி கொடுத்தாலும் ஒண்ணும் தோணாது. அன்னைக்கு எங்க பையன் எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தது திமிர்னு நான் நினைச்சேன். அது வறட்சி.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிடுறேன். கவனக் குறைபாடு உள்ள சில பிள்ளைகளுக்கு மருத்துவர்களே இதே வகை ஊக்க மருந்தைக் கொடுக்கிறது உண்டு. அது சின்ன அளவு. மெதுவா ஏறும். மருத்துவர் கண்காணிப்பில் நடக்கும். வெள்ளமும் பாசனமும் ஒண்ணு இல்லை. இதைப் படிச்சுட்டு யாரும் பிள்ளைக்குக் கொடுக்கிற மருந்தை நிறுத்திடாதீங்க.

*ஆசை வேற, சுகம் வேற*

டோபமைனை 'இன்ப ரசாயனம்'னு நிறைய பேர் எழுதுறாங்க. அது முழு உண்மை இல்லை. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்கிற விஞ்ஞானி குரங்குகளை வச்சுச் செய்த சோதனை ஒண்ணு இருக்கு. விளக்கு எரிஞ்சால் கொஞ்ச நேரத்தில் பழச்சாறு வரும். ஆரம்பத்தில் சாறு வந்தப்ப டோபமைன் செல்கள் துடிச்சது. பழகின பிறகு சாறுக்குத் துடிக்கலை, விளக்குக்கே துடிச்சது. விளக்கு எரிஞ்சு சாறு வரலைன்னா துடிப்பு இறங்கிப் போச்சு. அதாவது டோபமைன் சொல்றது "சுகமா இருக்கு"ங்கிறதை இல்லை. "நினைச்சதைவிட நல்லது வந்திருக்கு, இதை ஞாபகம் வச்சுக்க"ங்கிறதை.

சாதாரண விஷயத்தில் பழகப் பழக இந்தத் துடிப்பு அடங்கிடும். பத்தாவது லட்டு முதல் லட்டு மாதிரி இருக்காது. போதைப் பொருளோ மூளையை நேராகவே தட்டுறதால், ஒவ்வொரு தடவையும் "நினைச்சதைவிட நல்லது"ன்னு பொய்ச் சாட்சி சொல்லிக்கிட்டே இருக்கும். அனுபவிக்கிறவனுக்கு அதில் சுகம் குறைஞ்சு போயிருக்கும். ஆனாலும் தேடல் மட்டும் ஏறும்.

எங்க பையன் இதைப் படிச்சவன் இல்லை. ஆனா ஒரு நாள் சொன்னான்: "பெரியப்பா, இப்ப அது நல்லாவே இல்ல. ஆனா வேணும்." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகு என்னால் 'திமிர்'ங்கிற வார்த்தையைச் சொல்ல முடியலை.

விரதத்தில் நம்ம பார்க்கிற ஒரு விஷயமும் இதில் விளங்கும். மாலை போட்டுப் பழனிக்கு நடக்கிறப்ப பீடியைத் தொடாத ஆளு, மாலையைக் கழட்டின மறுநாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் பத்த வைக்கிறான். "பக்தி அவ்வளவுதான்"னு சிரிக்கிறோம். நடைபயணத்தில் வழி வேற, கூட்டம் வேற, பேச்சு வேற. பழைய விளக்கு எதுவும் எரியலை. திரும்பி வந்தால் அதே பெஞ்சு, அதே டீ, அதே சேக்காளி. எல்லா விளக்கும் ஒண்ணா எரியுது. அவன் பக்தி பொய் இல்லை. அவன் திரும்பி வந்த இடத்தை நாம மாத்தலை.

*அப்ப யார் மேல தப்பு?*

இப்ப குழுவில் கேட்ட கேள்விக்கு வர்றேன். மூளையே மாறிப் போச்சுன்னா அவன் மேல் தப்பே இல்லையா?

அப்படியும் நான் சொல்ல மாட்டேன். காரணம் சொல்றேன். மெத் அடிமைத்தனத்துக்குப் புகையிலைக்கு இருக்கிற மாதிரி மாற்று மருந்து பெரிசா கிடையாது. நல்ல பலன் தர்றதுன்னு ஆய்வில் தெரிஞ்ச முறைகளில் ஒண்ணு ரொம்பச் சாதாரணமானது. பரிசோதனையில் மருந்து இல்லைன்னு வந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் பரிசு கொடுக்கிறது. அவ்வளவுதான். யோசிச்சுப் பாருங்க. அவனுக்குத் தேர்ந்தெடுக்கிற சக்தி முழுசாகச் செத்திருந்தால் சின்னப் பரிசு எப்படி வேலை செய்யும்? சக்தி மெலிஞ்சிருக்கு, சாகலை. மெலிஞ்ச ஆளை ஓடுன்னு அடிக்கிறதும் தப்பு. உனக்குக் காலே இல்லைன்னு தூக்கியே வச்சிருக்கிறதும் தப்பு.

அதனால் 'குற்றம்' வேற, 'பொறுப்பு' வேறன்னு நான் பிரிச்சுப் பார்க்கிறேன். முதல் தடவை கை நீட்டினதில் அவனுக்குப் பங்கு இருக்கு. இருபத்தஞ்சு வயசு வரைக்கும் மூளையின் கடிவாளம் பிடிக்கிற முன்பகுதி முழுசாக முதிர்றதில்லைங்கிறதால் அந்தப் பங்கும் பாதிதான். நூறாவது தடவையில் பங்கு இன்னும் குறையுது. ஆனா "எனக்கு முடியலை, உதவி பண்ணுங்க"ன்னு வாய் திறக்கிற பொறுப்பு அவனுடையது. அப்படித் திறக்கிற வாயை அடைக்காமல் இருக்கிற பொறுப்பு நம்முடையது. அன்னைக்கு நான் கத்தினப்ப என் பொறுப்பில்தான் நான் தவறினேன்.

நாட்டுச் சட்டம்கூட இந்த வித்தியாசத்தை ஏத்துக்குது. 1985 போதைப்பொருள் சட்டத்தில் 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு. போதைக்கு அடிமையாகி, சொந்த உபயோகத்துக்காகவோ சிறிய அளவு வச்சிருந்ததுக்காகவோ வழக்கில் மாட்டினவர், தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால், வழக்கிலிருந்து காப்பு கிடைக்கும். சட்டத்துக்கு இருக்கிற இரக்கம் பெரியப்பனுக்கு இருக்க வேண்டாமா?

*பக்தியும் டோபமைன்தானா?*

படிச்ச பிள்ளைகள் இப்படியும் கேட்பாங்க. "காவடி எடுத்து ஆடுறப்ப வர்ற பரவசமும் அதே டோபமைன்தானே?" இருக்கலாம். அதில் எனக்குக் கோபம் வரலை. தாய் பிள்ளையைத் தூக்குறப்பவும் மூளையில் ரசாயனம் ஓடத்தான் செய்யும். அதுக்காகத் தாய்ப்பாசம் பொய்யா? ஒரே கண்மாய்த் தண்ணிதான் நெல்லுக்கும் போகுது, கருவேல முள்ளுக்கும் போகுது. என்ன விளையுதுன்னுதான் பார்க்கணும். கோவிலிலிருந்து திரும்புற ஆளுக்கு வீட்டு மனுஷங்க மேல் அன்பு கூடியிருந்தால் அது நெல்லு. வீட்டுக் கஷ்டத்தைப் பார்க்க முடியாமல் கோவில் கோவிலாக ஓடுறவருக்குப் பக்தியும் ஒரு புகையிலைதான். இதை என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

சூரபத்மன் கதையை இந்த இடத்தில் நினைச்சுப் பாருங்க. கடைசியில் அவன் மாமரமாகி நிற்கிறான். வேல் அவனைப் பிளக்குது. ஆனா முருகன் அவனை இல்லாமல் ஆக்கலை. ஒரு பாதியை மயிலாக்கி ஏறிக்கிட்டார், ஒரு பாதியைச் சேவலாக்கிக் கொடியில் வச்சுக்கிட்டார். ஆசையைக் கொடுக்கிற இந்த டோபமைனை மூளையிலிருந்து எடுத்துட முடியாது. எடுக்கவும் கூடாது. நடுமூளையில் அது வத்திப் போனால் வர்றதுதான் பார்கின்சன் நோய். நடக்கவே கால் வராது. அழிக்கிறதுக்கு இல்லை, ஏறி ஓட்டுறதுக்குத்தான் அது. விராலிமலையில் மயிலைப் பார்க்கிறப்பல்லாம் இப்ப எனக்கு இதுதான் ஞாபகம் வருது.

அருணகிரியார் கதையும் அப்படித்தான். சிற்றின்பத்தில் சீரழிஞ்சு, வெறுத்துப் போய்த் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதிச்சவரை முருகன் தாங்கினார்னு சொல்றோம். "திருந்திட்டு வா, தாங்குறேன்"னு சொல்லலை. முதலில் தாங்கினார், பிறகு பாடச் சொன்னார். விராலிமலைக்கு வழி தெரியாமல் நின்னப்ப வேடனா வந்து கூடவே நடந்தார்னும் நம்ம தலத்தில் சொல்வாங்க. மலை மேல நின்னுக்கிட்டு "ஏறி வாடா"ன்னு கத்தினதா எந்தக் கதையும் இல்லை.

*நாம செய்ய வேண்டியது*

வேண்டுதல் வையுங்க. ஆனா அதோடு நிறுத்தாதீங்க. கட்டி வைக்கிறது, அடிக்கிறது, "கல்யாணம் பண்ணினா சரியாயிடும்"ங்கிறது எதுவும் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்க. போதை மீட்புக்கு 14446, மனநல உதவிக்கு 14416, புகையிலையை விட 1800-11-2356. மூணும் கட்டணமில்லாத எண்கள்தான். பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாதுன்னு 2003ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கு. நம்ம ஊர்ப் பள்ளி வாசலில் விற்கிறாங்களான்னு நாமளே ஒரு தடவை நடந்து போய்ப் பார்க்கலாம்.

பொறுமை வேணும். 2018 நவம்பரில் கஜா புயல் நம்ம மாவட்டத்துத் தென்னையைச் சாய்ச்சது ஒரே ராத்திரியில். திரும்ப வச்ச பிள்ளை காய்க்க எத்தனை வருஷம் ஆச்சு? மெத்தை விட்டவங்க மூளையில், டோபமைனைத் திரும்ப இறைக்கிற அந்த ஏற்பாடு ஒரு வருஷத்துக்கு மேல் தொடாமல் இருந்தப்ப பெருமளவு தேறினதா 2001இல் வோல்கோவ் குழுவே காட்டியிருக்கு. சில வேலைகள் அவ்வளவு சீக்கிரம் திரும்பலைன்னும் அதிலேயே இருக்கு. தேறும். ஆனா நாம கேட்கிற தேதிக்குள் தேறாது.

எங்க பையன் சிகிச்சை எடுத்தான். அஞ்சாவது மாசம் ஒரு தடவை சறுக்கினான். அவனே போன் பண்ணிச் சொன்னான். அந்த போன்தான் எங்களுக்கு முருகன் கொடுத்த வரம்னு நினைக்கிறேன். போன வருஷம் இந்நேரம் அவன் சொல்லியிருக்க மாட்டான், நானும் கேட்டிருக்க மாட்டேன். இப்ப பதினோரு மாசம் ஆகுது. நாளைக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது.

அவன் சிகிச்சையில் சேர்ந்த அன்னைக்கே நானும் புகையிலையை விட்டேன். நானும் ரெண்டு தடவை சறுக்கினேன். அவன்கிட்ட சொன்னேன். அவன் சிரிக்கலை. "பரவால்ல பெரியப்பா, திரும்ப நாள் எண்ணுங்க"ன்னான்.

போன மாசம் ரெண்டு பேரும் விராலிமலை ஏறினோம். அவன் அன்னைக்குக் கேட்டதுக்கு இப்பத்தான் பதில் சொன்னேன். "சாமிக்குச் சுருட்டு படைக்கிறோம், நிஜம்தான். படைக்கிறதுன்னா நம்ம கையில் இருக்கிறதை அவர் கிட்ட வச்சுட்டு வர்றது. கதையில் முருகன் தேடி வந்தது நடுங்கிக்கிட்டு நின்னவனை அக்கரை சேர்க்க. சுருட்டுக்காக இல்ல. நான் அதைப் பார்க்காம உன்னைக் கரையிலேயே விட்டுட்டுக் கத்தினேன்டா."

அவன் ஒண்ணும் சொல்லலை. என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கிட்டு முன்னால் ஏறினான்.

உங்க வீட்டிலும் யாராவது கரையில் நின்னுக்கிட்டிருக்கலாம். இதை அவங்களுக்கு அனுப்புறதுக்கு முன்னால் அவங்க வீட்டில் கத்திக்கிட்டு இருக்கிற என்னை மாதிரிப் பெரியவங்களுக்கு அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
விராலிமலை வாழ் சண்முகநாதா சரணம். 🙏